மைசூர் எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கி, காவிரிக் கரையோரம் காரில் போக வழி சொல்லுங்கள்

அல்சூர்வாசி:
வணக்கம். மழை முடிவதற்குள் அப்பா, அம்மாவைக் காவிரிக் கரையோரம் காரில் ஒரு சுற்று அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை காலை பெங்களூர் அல்சூரிலிருந்து கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். "எங்களுக்கு கரண்ட் வந்த இடத்தைப் பார்க்கணும்" என்று சிவனசமுத்திரத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு ரங்கநாதர் போதும். எனக்கு வழியில் நின்று நின்று போகிற மாதிரி ரோடு வேண்டும். எதை முதலில் பார்ப்பது, எதை விடலாம்? அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு.

ஜெயநகர் பெரியவர்:
தம்பி, அப்பா கேட்டதிலிருந்தே ஆரம்பியுங்கள். கனகபுரா ரோட்டைப் பிடித்து மளவள்ளி வழியாகப் போனால் சிவனசமுத்திரம் சுமார் 130 கி.மீ. விடிவதற்குள் கிளம்பிவிட்டால் கனகபுரா வரை நெரிசல் இருக்காது. அதற்கப்புறம் ராகி வயல், மாந்தோப்பு, ஊருக்கு ஊர் ஒரு வேகத்தடை.

1902-ல் அங்கே நீர்மின் நிலையம் கட்டியதே தங்கவயலுக்காகத்தான். அத்தனை தூரம் மின்சாரம் கொண்டுபோன கம்பி அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமானவற்றில் ஒன்று. பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். உங்கள் அப்பாவின் ஊர் நமக்கு மூன்று வருஷம் சீனியர்! இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வருவார்.

அருவி இரண்டு: ககனசுக்கி, பரசுக்கி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அம்மாவுக்கு ககனசுக்கி போதும், மேலே நின்றே பார்த்துவிடலாம். பரசுக்கியில் இறங்கிப் பார்க்கப் படி அதிகம். மேலே அணைகளில் தண்ணீர் திறந்திருந்தால்தான் அருவிக்கு அழகு, இல்லாவிட்டால் வெறும் பாறை. அதனால் கிளம்புவதற்கு முன் செய்தியில் கே.ஆர்.எஸ். நீர்மட்டத்தையும் கபினியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா விஷயமும் அங்கேயே பாதி முடிந்துவிடும். ரங்கநாதர் கோயில்களில் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். மூன்றுமே காவிரித் தீவுகள். மத்தியரங்கத்தில் கூட்டமே இருக்காது, நிதானமாகச் சேவிக்கலாம்.

அப்புறம் தலக்காடு, டி.நரசிபுரா, சோமநாதபுரம், பன்னூர் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ராத்தங்கல். டி.நரசிபுராவில் கபினி வந்து காவிரியில் கலக்கிறது, பத்து நிமிஷம் நின்றால் போதும்.

சோமநாதபுரத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 1258-ல் ஹொய்சளர் கட்டிய கேசவர் கோயில். பூஜை கிடையாது, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிச்சுவரின் அடிவரிசையில் யானைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ஒரு யானை மாதிரி இன்னொன்று இருக்காது. மேலே உள்ள சிலைகளின் பீடத்தில் மல்லிதம்மா என்ற சிற்பி தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறார். ஆயிரம் கோயில் கட்டிய நம் ஊரில் எத்தனை சிற்பிகளின் பெயர் நமக்குத் தெரியும்?

மைலேஜ்_மாறன்:
பெரியவர் சொன்னது சரி. திரும்பும்போது மட்டும் மைசூர்ப் பழைய ரோட்டில் வாருங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்டிலிருந்து எங்களை மாதிரி பைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் எனக்கு அந்தப் பழைய ரோடுதான் கதி, அதில் வருத்தமும் இல்லை. மண்டியா, மத்தூர், சென்னபட்டணா, ராமநகரா எல்லாவற்றையும் எக்ஸ்பிரஸ்வே பைபாஸில் தாண்டிவிடுகிறது. மத்தூரில் இறங்காதவனுக்குச் சூடான மத்தூர் வடை ஏது? டோல் பக்கம் பாக்கெட்டில் விற்பதை வடை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சென்னபட்டணாவில் கடையில் பொம்மை வாங்கிக்கொண்டு ஓடாமல், பின்னால் பட்டறை இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்பாலைக் கட்டை கடைசல் எந்திரத்தில் சுற்றும். அதன் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறும். அப்புறம் தாழை ஓலையை மடித்து வைத்து ஒரு பிடி, பளபளவென்று ஆகிவிடும். பெயின்ட் டப்பா, பிரஷ் எதுவும் கிடையாது.

கோரமங்கலா கோமதி:
தலக்காட்டைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே! கோயில்களுக்கு நடுவே நடப்பது முழுக்க மணலில். மூட்டுவலிக்காரர்களுக்குப் பத்தடி வைப்பதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், என் மாமியார் பாதியில் உட்கார்ந்துவிட்டார். வைத்தியநாதேஸ்வரரை மட்டும் பார்த்துவிட்டு அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிடுங்கள். நீங்களும் அப்பாவும் கீர்த்திநாராயணர் வரை போய் வரலாம். சோழர்கள் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்த ஊர். அவர்களிடமிருந்து பறித்த ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அந்த வெற்றிக்காகக் கட்டிய கோயில்தான் கீர்த்திநாராயணர்.

மணலுக்கு அலமேலம்மா சாபம் என்று கதை சொல்வார்கள். அலமேலம்மா ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி. 1610-ல் மைசூர் அரசர் ராஜ உடையார் அந்த ஊரைப் பிடித்தபோது, அவளுடைய நகைகளைக் கேட்டு ஆள் அனுப்ப, அவள் தலக்காடு மணலாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்து ஆற்றில் குதித்தாளாம். காரிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள், அங்கே போய் நின்றால் மணல் தானாகப் பேசும்.

ஆற்றில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். முழங்கால் அளவுதான் என்று தெரியும், அடுத்த அடியில் சுழல் இருக்கும்.

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஞாயிறு காலை மட்டும்தான் கிடைக்கும். கோயில் போக இன்னும் ஒரே ஒரு இடம் என்றால் எது? திப்புவின் சமாதியான கும்பஸா, அவருடைய மாளிகை தரியா தௌலத்தா?

ஜெயநகர் பெரியவர்:
தரியா தௌலத். 1784-ல் திப்பு கட்டிய தேக்கு மாளிகை. மேற்குச் சுவரில் 1780-ல் ஆங்கிலேயரோடு நடந்த புள்ளலூர்ச் சண்டையை ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்தான். அடிபட்ட ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பார், வெடிமருந்து வண்டி வெடித்துக்கொண்டிருக்கும். வெயிலுக்காகப் பச்சைத் திரையை இறக்கி வைத்திருப்பார்கள், உள்ளே கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தோட்டத்துப் பாதை சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கோயிலை முதலில் முடித்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து இறங்கிவிடும்.