லூப் பெடல் நல்ல வாத்தியாரா, வெறும் ஊன்றுகோலா?

ஆறாம்தந்தி:
நேற்று ஒரு சின்ன நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். ஒரே ஆள், ஒரு கிதார், காலடியில் லூப் பெடல், அதாவது வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி. முதலில் நாலு கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வாசித்துப் பதிவு. அப்புறம் கிதாரின் உடம்பைத் தட்டி ஒரு தாளம், அதன்மேல் பேஸ், அதன்மேல் ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது). பாட்டு தொடங்கவே மூன்று நிமிடம் ஆனது. தொடங்கிய பிறகும் கடைசிவரை அதே நாலு கார்டுதான். வீடு கட்டுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பியது போல இருந்தது. இந்தப் பெடல் வாசிப்பவரைச் சோம்பேறியாக்குகிறது என்பேன். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

கால்மிதி:
சோம்பேறியா? பெடல் வாங்கிய முதல் வாரம் என் வாசிப்பைக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. 90 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில், நாலு பார் (பாருக்கு நாலு அடி) என்றால் பத்தரை வினாடிக்குக் கொஞ்சம் மேல். வாசித்து முடித்து, "ஆச்சா?" என்று ஒரு கணம் யோசித்துக் கால் வைப்பேன். அந்த ஒரு கணமும் லூப்புக்குள் போய்விடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நொண்டும். நண்பர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லி மழுப்பலாம், பெடல் மழுப்பாது.

நாலாவது பாரோடு கையை நிறுத்தக் கூடாது என்பது எனக்குப் புரியவே பத்து நாள் ஆனது. ஐந்தாவது பாரின் முதல் அடியைக் கை வாசிக்கும் அதே நொடியில் கால் இறங்க வேண்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதம் சுவிட்சைத் தொட்டும் தொடாமலும் காத்திருக்க வேண்டும். தடித்த ஷூ போட்டால் சுவிட்ச் எப்போது இறங்கியது என்றே தெரியாது. நான் இன்றும் வெறுங்கால்தான்.

ஆறாம்தந்தி:
அதற்குத்தான் இப்போது குவாண்டைஸ் வந்துவிட்டதே. நீங்கள் தப்பாக மிதித்தாலும் பெடல் சரியான இடத்தில் வெட்டிக்கொள்ளும். பிடிக்கவில்லையா, அன்டூ போட்டுக் கடைசிப் பதிவை அழித்துவிடலாம். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் எட்டு கிதார் பகுதிகளை இசைத்தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். அவருக்கு ஏது அன்டூ?

மெட்ரோனோம்:
குவாண்டைஸ் எல்லாப் பெடலிலும் கிடையாது. இருந்தாலும் பெடலுக்குள்ளேயே ஓடும் ரிதமோ வெளிக்கருவியிலிருந்து வரும் கிளாக்கோ (வேகத்தைச் சொல்லும் சிக்னல்) இல்லாமல் அதற்கு எது அடி என்று தெரியாது.

இன்னொன்று. லூப் மட்டும் ஓடினால் 40 மில்லிவினாடிப் பிசகு அப்படியே நிற்கும். பக்கத்தில் தனியாக ஒரு டிரம் மெஷின் ஓடினால், சுற்றுக்குச் சுற்று கூடும். பத்துச் சுற்றில் 0.4 வினாடி, அதாவது 90 டெம்போவில் அரை அடிக்கும் மேல். அப்புறம் பேச்சே இல்லை, எல்லாம் சரிந்துவிடும்.

கால்மிதி:
லெஸ் பாலை நீங்களே இழுத்ததற்கு நன்றி. அடுக்கி வாசிப்பதே சோம்பேறித்தனம் என்றால் முதல் குற்றவாளி அவர்தான். எழுபதுகளில் இங்கிலாந்துக் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் இரண்டு ரீவாக்ஸ் டேப் மெஷின்களுக்கு நடுவே ஒரே நாடாவை ஓடவிட்டதும் இதே வேலைக்குத்தான்.

உங்கள் நிகழ்ச்சியில் சலித்தது பெடலால் இல்லை, அடுக்கிய விதத்தால் என்று நினைக்கிறேன். நாலு அடுக்கையும் கழுத்தின் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் (கட்டைக்குள்) ஓப்பன் கார்டாக, சில தந்திகளை அழுத்தாமல் விட்டு, அடித்தால் சேறுதான் மிஞ்சும். முதல் அடுக்கை ஏழையாக விட வேண்டும்: மெல்லிய மூன்று தந்தியில் சின்னக் கார்டு, பாருக்கு இரண்டு முறை, போதும். கீழே, சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கும் ஆக்டேவ் பெடல் போட்டு பேஸ். பாட்டின் மெட்டு எந்த உயரத்தில் வருமோ, அந்த இடத்தைக் காலியாக வைக்க வேண்டும். நான்காவது அடுக்கு தேவையா என்று சந்தேகம் வந்தாலே தேவையில்லை.

புதுவிரல்:
நடுவில் ஒரு கேள்வி. எனக்கு ரிவர்ப் (எதிரொலி போல ஒலியை நீட்டும் எஃபெக்ட்) முதலில், லூப் பெடல் கடைசியில். லூப் திரும்பத் தொடங்கும்போது ரிவர்பின் வால் கத்தரித்தது போல நின்றுவிடுகிறது. ஏன்?

மெட்ரோனோம்:
பதிவு முடிந்ததும் பெடல் நேராகப் பிளேக்குப் போகிறது, அதனால் வால் பதிவாவதில்லை. பதிவுக்குப் பிறகு நேராக ஓவர்டப்புக்கு (ஓடும் லூப்பின்மேலேயே பதிவது) போகும்படி மிதிகளின் வரிசையை மாற்ற முடிகிறதா பாருங்கள். வால் தொடக்கத்தின்மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்ததும் ஓவர்டப்பை அணைத்துவிடுங்கள்.

ஆறாம்தந்தி:
சரி, பயிற்சிக்கு நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மேடைக்கு? ஒரே டிராக் உள்ள பெடலில் பல்லவிக்கு ஒரு கார்டு வரிசை, சரணத்துக்கு வேறு என்று போகவே முடியாது. என் மனக்குறை அதுதான், அடுக்கு எத்தனை என்பதில்லை.

கால்மிதி:
அது நியாயமான குறை. நான் செய்வது, சரணம் வந்ததும் லூப்பை நிறுத்திவிட்டு வெறும் கிதாரோடு வாசிப்பது. நாலு அடுக்கு சட்டென்று அடங்கி ஒற்றைக் கிதார் மட்டும் கேட்கும்போது, பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சங்கடம் உண்டு: பல பெடல்களில் நிறுத்த இரண்டு முறை மிதிக்க வேண்டும், முதல் மிதியில் ஓவர்டப் திறந்துகொள்ளும். அந்த நேரம் தந்திகளை உள்ளங்கையால் அமுக்காவிட்டால், திரும்ப ஓடவிடும்போது ஒரு "டங்" கூடவே வரும்.

ஆறாம்தந்தி:
நேற்று வாசித்தவர் ஒரு முறைகூட நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. என்னிடமும் பழைய லூப் பெடல் ஒன்று அலமாரியில் கிடக்கிறது, அடாப்டரைத்தான் காணோம்.

மெட்ரோனோம்:
பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவாக இருக்கும். பெடலில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். கையில் கிடைத்ததை மாட்டிப் புகை வந்தால் அதற்கு அன்டூ கிடையாது.