மறு: 'செக்' என்பதற்கு முற்றுகை சரிதானா?

நண்பர்களே,

சதுரங்கத்தில் எதிராளியின் அரசனைத் தாக்கும் 'செக்' என்பதற்குத் தமிழில் முற்றுகை என்றே வைத்துவிடலாம் என்று பேச்சு முடிந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு ஒரு நெருடல். முற்றுகை என்றால் நாலாபுறமும் வளைத்துக்கொள்வது, கோட்டையை வளைப்பதைப் பாடும் உழிஞைத்திணையின் வேலை. பலகை நடுவில் நிற்கும் அரசனுக்கு ஒற்றைக் குதிரை செக் வைத்தால், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் ஏழு அந்தக் குதிரைக்கு எட்டாது. இதில் முற்றுகை எங்கே?

வட ஐரோப்பாவின் நார்டிக் மொழிகள் செக்குக்கு என்ன சொல்கின்றன என்று பாருங்கள். தொடக்கம் பாரசீகம். அங்கே ஷா (ஷாஹ்) என்றால் அரசன். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். அந்தக் குரல் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் இடைக்கால லத்தீனில் ஸ்காக்குஸ் ஆயிற்று. கடைசி ஹகரம் ககரமாகக் கெட்டிப்பட்டது அங்கேதான். வடக்கே போயும் அது உதிரவில்லை: டேனிஷில் ஸ்காக், ஐஸ்லாந்தில் ஸ்கௌக், ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் ஷக், ஸ்வீடிஷிடம் வாங்கிய ஃபின்னிஷில் ஷக்கி. ஆட்டத்துக்கும் அதுதான் பெயர், செக்குக்கும் அதுதான். நார்வேயின் ஆஸ்லோக்காரர் ஷக் ஆடிக்கொண்டே 'ஷக்!' என்பார். ஃபாரோ தீவுக்காரர்கள் மட்டும் பலகையாட்டத்துக்கான பழைய நார்ஸ் (இம்மொழிகளின் மூதாதை மொழி) சொல்லையே வைத்துக்கொண்டு தல்வ் என்கிறார்கள்.

நம்மூர்ச் சதுரங்கம் போன வழி வேறு. பாரசீகத்தில் சத்ரங், அரபில் ஷத்ரஞ்ச், ஸ்பானியத்தில் அஹெத்ரேஸ். வடக்கே போய்ச் சேர்ந்தது ஆட்டத்தின் பெயரல்ல, ஆட்டத்தில் போட்ட சத்தம்.

ஆக, செக் என்பது அடிப்படையில் ஒரு விளி. என் முன்மொழிவு: பலகையில் சொல்ல 'மன்னா!', எழுத 'அரசவிளி'. 'வெள்ளை குதிரையை நகர்த்தி அரசவிளி வைத்தது' என்று ஆட்டக் குறிப்பில் எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. கோவிளி என்று சுருக்கவும் நினைத்தேன். வேகமாகச் சொன்னால் கோவில் என்று காதில் விழுகிறது, விட்டுவிட்டேன்.

அப்புறம், அரசன் தப்ப வழியின்றி ஆட்டம் முடியும் செக்மேட். அதன் மூலமான ஷா மாத் என்பதை 'அரசன் செத்தான்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு, அரபில் மாத்த என்றால் செத்தான் என்பதால். பாரசீக மாத் என்பதற்குத் திகைத்துப்போன, கதியற்ற என்று பொருள். பலகையிலும் அரசனை யாரும் வெட்டி எடுப்பதில்லை, அவன் போக்கிடமின்றி நிற்கிறான். அதனால் 'அரசமுடக்கம்' என்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்கே தெரிகிறது. நகர்த்த வழியின்றி ஆட்டம் சமனாகும் ஸ்டேல்மேட்டிலும் அரசன் முடங்கித்தான் கிடக்கிறான், விளி மட்டும் இல்லை. ஸ்வீடன்காரர்கள் அதற்குப் பத் என்று தனிச்சொல் வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். நாம் 'விளியா முடக்கம்' என்றால் நீளமா?