விமானப் பாகம் வெட்டும் வேலையில் உங்களுக்கு விழுந்த முதல் ரிஜெக்ட் எது?

நிபோங் திபால்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். பினாங்கு பாயான் லெப்பாஸில் பதினோரு வருஷம் செமிகண்டக்டர் மெஷின்களுக்குப் பாகம் வெட்டியவன். கம்பெனி விமான ஆர்டர் எடுத்தப்போ, அதே அலுமினியம்தானே, அதே ஃபைவ் ஆக்சிஸ் (ஐந்து அச்சில் நகர்ந்து வெட்டும்) மெஷின்தானே என்று தெனாவெட்டாக இருந்தேன்.

முதல் வேலை 7075 என்ற அலுமினியக் கலவைப் பலகையில் ஒரு ரிப், விலா எலும்பு மாதிரி தாங்குகிற பாகம். 300 மில்லி நீளம், சுவர் ஒன்றரை மில்லி. பலகையில் பத்தில் ஒன்பது பங்கு சிப்ஸாகவே போய்விடும். மெஷினிலேயே புரோப் வைத்துத் தொட்டுப் பார்த்தேன், அளவு கச்சிதம். கிளாம்ப்பைத் தளர்த்தினேன். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கண்ணெதிரே நெளிந்துவிட்டது.

பலகையை உருட்டும்போதும் சூடேற்றிக் குளிர்விக்கும்போதும் உள்ளே இறுக்கம் தங்கிவிடுகிறது. ஒரு பக்கத்தையே செதுக்கிக்கொண்டு போனால் மறுபக்கம் இழுத்துவிடும். T651 என்று போட்டிருந்தால் ஆலையிலேயே இழுத்து இறுக்கத்தைக் குறைத்த பலகை. குறைத்ததுதான், போக்கியது இல்லை. இப்போது திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் ரஃப்பாக (முரட்டு வெட்டாக) எடுத்து, ஒரு மில்லி மிச்சம் வைத்து, கிளாம்ப்பைக் கழற்றி ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்க விடுகிறோம். காலையில் லேசாகப் பிடித்து ஃபினிஷ். சூப்பர்வைசருக்கு அந்த ஒரு ராத்திரி பொறுக்காது, அது வேறு கதை.

க்யூசி அக்கா:
தம்பி கதையில் பாகம் நெளிந்தது. என் கதையில் பாகம் வீங்கியது. பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சிஎம்எம் மெஷின் இருக்கும் அறையில் எப்போதும் 20 டிகிரி. ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து வெளியே வியர்த்துக் கொட்டும் ஆப்பரேட்டர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் ஒரு பையன் மெஷினிலிருந்து எடுத்த கையோடு அலுமினியப் பாகத்தைக் கொண்டுவந்து, "அக்கா, அர்ஜென்ட்" என்றான். அளந்தேன், 0.07 மில்லி அதிகம். ஆறட்டும், அப்புறம் அளக்கலாம் என்று சொல்வதற்குள் ஓடிப்போய் மெஷினில் ஆஃப்செட்டை (வெட்டும் அளவுத் திருத்தத்தை) குறைத்துவிட்டான்.

கணக்கு சின்னதுதான். அலுமினியம் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 23 மைக்ரான் நீளும். 300 மில்லிக்கும் 10 டிகிரி வித்தியாசத்துக்கும் 69 மைக்ரான். முதல் பாகம் ஆறினபின் சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு வெட்டிய பன்னிரண்டும் ஒரு தலைமுடி அளவுக்குக் குட்டை. அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் வழிக்கலாம், குறைந்துபோனதை என்ன செய்வது? அவன் இன்னும் என்னைப் பார்த்தால் முதலில் "ஆறிடுச்சு அக்கா" என்றுதான் ஆரம்பிப்பான்.

பிறை டைட்டானியம்:
எனக்கு ரிஜெக்ட் இல்லை, நெருப்பு. டைட்டானியத்தில் சூடு சிப்ஸோடு சரியாக வெளியே போகாது, டூல் முனையிலேயே தேங்கும். அலுமினியம் மாதிரி ஓட்ட முடியாது, மெதுவாகத்தான். மழுங்கின டூலை ஒருத்தர் மாற்றாமல் ஓட்ட, மெல்லிய சிப்ஸ் வெள்ளையாகப் பற்றிக்கொண்டது. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். பக்கத்து மெஷின் மாமா சட்டையைப் பிடித்து இழுத்து, காய்ந்த மணலைக் கொட்டினார். எரிகிற டைட்டானியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும், வெடிக்கும். கோர்ஸில் சொன்னார்கள்தான், அந்த நேரத்தில் எவனுக்கு ஞாபகம் வரும்!

ரிட்டயர்ட் மில்லிங்:
உங்களுடையதெல்லாம் பாகத்தின் குற்றம். என் பாகத்தில் ஒரு குற்றமும் இல்லை. பழைய கம்பெனி, பெயர் வேண்டாம். ராக்கில் கிடந்த துண்டில் ஆறு பிராக்கெட் வெட்டினேன். அளவு, ஃபினிஷ், பர் (விளிம்புப் பிசிறு) எடுத்தது எல்லாம் சுத்தம். பேப்பர் வேலைக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, துண்டில் ஹீட் நம்பர் இல்லை. எந்த உருக்கில் பிறந்தது, எந்தச் சான்றிதழ் அதற்குச் சேரும், சொல்ல ஆளில்லை.

"பக்கத்துத் துண்டின் நம்பரை எழுதிடு, ரெண்டும் ஒரே லாரியில வந்ததுதானே" என்றார் மேலே இருந்தவர். நிஜமாகவே ஒரே மெட்டீரியலாகத்தான் இருந்திருக்கும். நான் எழுதவில்லை. நல்லவன் என்பதால் இல்லை ஐயா, பயம். நாளைக்கு அந்த உருக்கில் குறை என்று திரும்பக் கேட்டால், அந்த ஆறும் எந்த விமானத்தில் பறக்கிறது என்று காகிதம் தப்பான இடத்தைக் காட்டும். ஆறும் ஸ்கிராப். அந்த வருஷம் எனக்கு போனஸும் அப்படித்தான்.

புதுப்பையன்:
எஸ்கேஎம் (மலேசியத் தொழில்திறன் சான்றிதழ்) முடித்துச் சேர்ந்து மூன்று மாசம்தான், என்னிடம் கதை இல்லை. நிபோங் திபால் அண்ணே, அந்த நெளிந்த ரிப் என்ன ஆச்சு?

நிபோங் திபால்காரன்:
ஸ்கிராப் ஆனது நல்ல பாகத்தோடு கலந்துவிடக் கூடாது தம்பி. சிவப்புப் பெயிண்ட் அடித்து ரெண்டாக அறுத்துப் போட்டோம். ஒரு பாதி மட்டும் என் டூல் பெட்டியில் கிடக்கிறது. க்யூசி அக்கா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

க்யூசி அக்கா:
படிச்சாச்சு தம்பி. நாளைக்குக் காலையில் பெட்டியோடு வா.