கலைச்சொல் தேவை: பழுதாகவில்லை, ஆனால் காலம் போய்விட்டது

அன்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கணினி அறையில் குவிந்து கிடக்கும் பழைய கணினி, நெகிழ்வட்டு (ஃப்ளாப்பி), மென்பொருள் குறுந்தகடு ஆகியவற்றை என்ன செய்வது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

'ஈ-வேஸ்ட்' மின்கழிவு என்று நிலைத்துவிட்டது. மாட்டிக்கொண்டு நிற்பது 'ஆப்சலீட்' (obsolete), அதாவது ஓடினாலும் காலம் கடந்துவிட்டது. பழுதானது வேறு, இது வேறு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பல பழைய கணினிகளில் இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தினால் அவை இன்றும் ஓடுகின்றன. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் பாடம் நடத்தலாம். இதையும் உடைந்ததையும் சேர்த்துப் 'பழைய கணினி' என்று எழுதினால், எல்லாமே ஒரே வண்டியில் ஏறி எடைக்குப் போய்விடும். இப்போதைக்குக் 'காலாவதியான' என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

– செ., கோவை

*

செ. அவர்களுக்கு,

காலாவதி வேண்டாம். காலம், அவதி இரண்டுமே வடசொல். அதை விட்டாலும் பொருள் பொருந்தவில்லை. அவதி என்றால் எல்லை. மாத்திரை அட்டையில் எல்லை முன்பே அச்சாகியிருக்கும். கணினிப் பெட்டியில் யார் அச்சடித்தார்கள்?

"பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே" என்கிறது நன்னூல். சூத்திரமே சொல்லைக் கையில் கொடுக்கிறது: கழிகணினி, கழிவட்டு. வினைத்தொகையாதலால் கழிந்த, கழிகின்ற, கழியும் என முக்காலமும் அடங்கும். இன்னொரு நயமும் உண்டு. "சால உறு தவ நனி கூர் கழி மிகல்" என்றபடி கழி என்பது மிகுதியையும் குறிக்கும். வள்ளுவர் அளவுக்கு மிஞ்சித் தின்பவனைக் கழிபேரிரையான் என்றார். ஐந்து சீருக்கு மேற்பட்ட அடி கழிநெடிலடி. ஆக, தேவைக்கு மிகுந்து அலமாரியில் கிடக்கும் கணினியும் கழிகணினியே. உப்பங்கழி, கழிமுகம் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

– புலவர் ந., தஞ்சை

*

ஐயா, வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் கழிவு என்றால் கடைக்காரர் விலையில் குறைத்துத் தருவதும்தான். 'கழிகணனி' என்று சுவரில் ஒட்டினால், எத்தனை வீதம் கழிவு என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். எங்கட பக்கம் 'பாவனைக்கு உதவாத' என்று எழுதுவோம், எல்லோருக்கும் விளங்கும். குறுந்தகட்டை இறுவட்டு என்போம். அதையும் பக்கத்தில் போட்டால் நல்லது.

– த., யாழ்ப்பாணம்

*

பாவனையும் வடசொல்லே. தமிழ்நாட்டில் பாவனை என்றால் பாவலா காட்டுவது. தவிர, கணினி என்று எழுதுக. கணி என்னும் வினையடியிலிருந்து வந்தது. கணனத்துக்குப் போனால் வடமொழி வாசலில் நிற்போம்.

– புலவர் ந.

*

பெரியவர்கள் மன்னிக்கணும். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: காயலான் கடைச் சரக்கு. இன்னும் சுருக்கமாக, 'பேரீச்சம்பழத்துக்குப் போடு'. சொல்லை நீங்கள் முடிவு செய்யுங்கள். அறிக்கையில் இவை விடுபடாமல் இருந்தால் போதும்.

கோப்பை அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தாலும் தகவல் வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) அப்படியே இருக்கும். மாணவர் பட்டியல், மதிப்பெண் எல்லாம் மீட்டுவிடலாம். முழுத் தட்டின் மேலும் மறுபடி எழுதித்தான் அழிக்க வேண்டும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளில் சேமிக்கும் வகை) என்றால் அதற்கென உள்ள அழிப்புக் கட்டளை வேறு. காந்தம் எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது, குறுந்தகட்டையும் செய்யாது. குறுந்தகட்டில் பளபளக்கும் பக்கத்தைக் கீறிப் பயனில்லை, அங்கே தடித்த பிளாஸ்டிக்தான் இருக்கிறது. தகவல் படலம் பெயர் அச்சடித்த பக்கத்துக்கு அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. ஆணியால் அந்தப் பக்கம் இழுத்தால் வெள்ளி உரிந்து வரும்.

பழைய குண்டுத் திரையின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பையன்களை விட்டு உடைக்க வேண்டாம். எடைக்குப் போனால் கம்பியை எரித்துத் தாமிரம் எடுப்பார்கள், மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுப்பார்கள். 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மின்கழிவு விதிகளில் மறுசுழற்சி செய்வோருக்கும், செப்பனிட்டுத் திரும்ப விற்போருக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. செ. கேட்கும் பிரிவினை அங்கேயே இருக்கிறது.

– பா., சென்னை

*

காயலான் கடை என்பது காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் என்பார்கள். ஓர் ஊரைக் குப்பையோடு முடிச்சுப் போட வேண்டாமே. துண்டறிக்கையில் கண்டிப்பாகக் கூடாது.

– மு., தூத்துக்குடி

*

நான் எட்டாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். 'வழக்கொழிந்த கணினி' என்றதும் ஒரு பையன், "கேஸ் முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்றான். 'ஆதரவற்ற கணினி' என்றால் இல்லத்தில் சேர்க்கச் சொல்வார்கள். கழிகணினிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிள்ளைகளுக்குக் கழி என்றதும் கழிவறைதான் நினைவுக்கு வருகிறது, நன்னூல் இல்லை. 'ஆதரவு முடிந்த' என்றபோது மட்டும், யார் ஆதரவு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி வந்தால் பாதி விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

– ரா., நெல்லை

*

சிரித்தவர்கள் உப்பங்கழியை அறியாதவர்கள்.

இடையில் வேறு ஒன்று. என்னிடம் ஒரு பெட்டி நிறைய 1.44 எம்பி நெகிழ்வட்டுகள் உள்ளன. யூனிகோடுக்கு முன் வழங்கிய திஸ்கி என்னும் தமிழ்க் குறியாக்கத்தில் தட்டிய உரைக் குறிப்புகள். அவற்றைப் படிக்க இன்று வழி உண்டா?

– புலவர் ந.

*

உண்டு ஐயா, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யுஎஸ்பி நெகிழ்வட்டுக் கருவி இன்னும் கிடைக்கிறது. முதலில் உலோக மூடியைத் தள்ளி, உள்ளே இருக்கும் பழுப்புப் படலத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூஞ்சை. அதை அப்படியே கருவியில் போட்டால் படிக்கும் முனை அழுக்காகி அடுத்த வட்டையும் கெடுக்கும். படித்ததும் முழு வட்டையும் படிமமாக (ஒரே கோப்பில் அடங்கும் முழு நகலாக) சேமித்துவிட்டு, திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றலாம். பழைய பள்ளிக் கணினிகளிலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்கள் கிடக்கும். செ., அறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: தருவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும்.

– பா.

*

எல்லோருக்கும் நன்றி. பா. சொன்னவை எல்லாம் சேர்ந்தன, இறுவட்டும் சேர்ந்தது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். ஓடுபவைக்கு 'ஆதரவு முடிந்த கணினி', உடைந்தவைக்கு 'மின்கழிவு' என்று அனுப்புகிறேன். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டது போலத்தான் தெரிகிறது.

– செ.

*

ஒத்துக்கொண்டவர் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம். ஆதரவும் வடசொல். அடுத்த பதிப்பில் கழிகணினியை மறுபரிசீலிக்க வேண்டுகிறேன். பா. அவர்கள் அந்தக் கருவியின் விலையைத் தனி மடலில் தெரிவிக்க.

– புலவர் ந.

*

ஐயா, 'கழிகணனி' என்று போட்டால் என் வாக்கும் உங்களுக்குத்தான்.

– த.

*

கணினி.

– புலவர் ந.