லாக் என்பதற்கு என்ன போடுவது? திங்கள் காலைக்குள் வேண்டும்

கோபியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சர்வர் நிர்வாகத்துக்கான கட்டற்ற மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கி வருகிறேன். அடுத்த பருவத்தில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பே இதை வைத்துத்தான். மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தது, சிஸ்டம் லாக் பகுதி மட்டும் நிற்கிறது. சர்வரில் நடப்பதையெல்லாம் அதுவே நேரத்தோடு வரிவரியாக எழுதி வைக்குமே, அந்தக் கோப்புதான். முன்பு இதைத் தொட்டவர் ஓரிடத்தில் பதிவு, ஓரிடத்தில் குறிப்பு, இன்னோரிடத்தில் மடக்கை என்று போட்டிருக்கிறார். மடக்கை கணக்குப் பாடத்து லாகரிதமுங்க! பதிவு என்றே வைக்கலாம் என்றால், 'பயனரைப் பதிவு செய்' என்று பக்கத்து மெனுவிலேயே இருக்கிறது. ஒரு சொல் சொல்லுங்கள். திங்கள் காலை கோப்பை அனுப்பியாக வேண்டும்.

திருப்பூரிலிருந்து:

லாக் என்றே விட்டுவிடலாமுங்க. பனியன் கம்பெனிகளுக்கு சர்வர் பார்க்கிறவன் நான். ராத்திரி பில்லிங் நின்றுபோனால் போன் போடுகிற கணக்குப்பிள்ளைகூட "லாக்குல என்னங்க வந்திருக்குது?" என்றுதான் கேட்கிறார். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் மாறும்போது எழுதுவது லாக் புக். அரசாங்க ஜீப்பில் டிரைவர் எழுதுவதும் லாக் புக். லினக்ஸில் இந்தக் கோப்புகள் கிடக்கும் அடைவுக்கே 'வார்' அடைவுக்குள் 'லாக்' என்று பெயர், அதை நாம் மாற்றவும் முடியாது. திரையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர் என்றால் பிள்ளைகள் எதைத் தேடுவார்கள்?

பெருந்துறையிலிருந்து:

திருப்பூர்த் தம்பி சொல்வது நியாயந்தான், ஆனால் அந்த நியாயத்தில் போனால் சர்வர், யூசர், பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கட்டுமே. மொழிபெயர்ப்பு எதற்கு?

லாக் என்பது முதலில் ஒரு மரக்கட்டை. முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் விடுவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை ஏட்டில் எழுதுவார்கள். கட்டையின் பெயர் ஏட்டுக்கு வந்து, ஏட்டின் பெயர் கணினிக்கு வந்தது. கடலே இல்லாத கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கட்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

என் பரிந்துரை: பொறிப்பு. பொறி என்றால் இயந்திரம். பொறித்தல் என்றால் எழுத்தை வெட்டுதல். ஆக, பொறி தானே பொறித்துக்கொள்வது பொறிப்பு. ஈரோட்டுப் பக்கம் அறச்சலூர்க் குகையில் தாளச் சொற்களைக் கல்லில் பொறித்து, 'மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்' என்று பெயரும் வைத்திருக்கிறது. லினக்ஸில் லாக் எழுதும் உங்கள் சிஸ்லாக் வரியிலும் எந்த நிரல் எழுதியது என்று பெயர் இருக்கிறதல்லவா? மரபு அதேதான்.

திருப்பூரிலிருந்து:

ஐயா, சாத்தன் நேரம் போடவில்லையே. எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரியாத லாக்கை வைத்துக்கொண்டு நான் என்னங்க பண்ணுவது?

கோவையிலிருந்து:

பொறிப்பு அழகாக இருக்கிறது, ஆனால் கல்வெட்டுக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். கல்லில் பொறித்தது அழியாது. லாக் அழிப்பதற்கென்றே எழுதப்படுவது.

தமிழ் விக்கிப்பீடியாவில் லாக் இன் என்பதற்குப் புகுபதிகை, லாக் அவுட்டுக்கு விடுபதிகை என்று புழங்கியிருக்கிறது. அதிலிருந்து புகு, விடு இரண்டையும் கழித்தால் பதிகை. பதிவோடு குழம்பாது, வேர்ச்சொல்லும் ஒன்றுதான். பதிகைக் கோப்பு, பதிகை நிலை என்று ஒட்டவும் எளிது.

பெருந்துறையிலிருந்து:

பதிகை தொழிற்பெயர். வருகை, செய்கை போல. பதியும் செயலைக் குறிக்குமே தவிர, பதிந்து கிடக்கும் பொருளைக் குறிக்காது.

பொள்ளாச்சியிலிருந்து:

புலவர் ஐயா, இருக்கை, படுக்கை எல்லாம் எந்தக் கணக்கு? "உடுக்கை இழந்தவன் கைபோல" என்று வள்ளுவர் சொல்வது உடுத்தும் செயலையா, வேட்டியையா?

ஆனால் கோவைத் தம்பிக்கும் ஒரு கேள்வி. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று காட்டும் லாகின் லாக்குக்கு என்ன போடுவீர்கள்? புகுபதிகைப் பதிகையா? தோற்றுப்போன புகுபதிகைகளின் பதிகையா? என் வாய் சுளுக்கிக்கொண்டது சாமி.

கோவையிலிருந்து:

லாகினுக்கு நுழைவு என்று வைத்துக்கொள்ளலாம் அக்கா. நுழைவுப் பதிகை.

பொள்ளாச்சியிலிருந்து:

அப்படியானால் பதிகைக்கு நீங்கள் சொன்ன சான்றே போய்விட்டதே!

ஈரோட்டிலிருந்து:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவன் நான். எங்களுக்குச் சிட்டை, நாள்வழி, பேரேடு என்று மூன்று உண்டு. மூட்டை இறங்க இறங்க, நடந்தது நடந்தபடி கிறுக்குவது சிட்டை. பொழுதோட அதைத் தேதிவாரியாக ஒழுங்குபடுத்தினால் நாள்வழி. பேர்வாரியாகப் பிரித்தால் பேரேடு. நீங்கள் பேசுவது சிட்டையைத்தான். சொல் சின்னது, சிட்டையைப் பார் என்றால் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கும் புரியும்.

பெருந்துறையிலிருந்து:

சிட்டை வடக்கிலிருந்து வந்தது. சிட்டாவும் அதன் பங்காளி. லாக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைக் கொண்டுவருவதா? நாள்வழி என்றால் எனக்கு மறுப்பில்லை. நாள், வழி இரண்டும் நம்முடையவை. நேரம் இல்லையே என்ற திருப்பூர்த் தம்பியின் குறையும் தீர்ந்தது. பொறிப்பை விட்டுத்தருகிறேன்.

திருப்பூரிலிருந்து:

நாள்வழி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வரி என்று தோன்றுகிறதுங்க. தாக்குதல் நடக்கும்போது நொடிக்கு நூறு வரி ஓடும்.

கோபியிலிருந்து:

கணக்கு ஏடுகளின் பேச்சு வந்ததால் ஒன்று. இந்த மென்பொருளில் லாக்கும் இருக்கிறது, ஜர்னலும் தனியாக இருக்கிறது. பழைய சிஸ்லாக் வெறும் எழுத்துக் கோப்பு, எதில் திறந்தாலும் படிக்கலாம். லினக்ஸில் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் ஜர்னல் இரும வடிவில் இருக்கும், அதற்கென்று உள்ள கட்டளையால்தான் படிக்க முடியும். மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடத்தில் ஜர்னலுக்குக் குறிப்பேடு என்று இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

அடுத்தது லாக் நிலைகள். சிஸ்லாக்கில் 0 முதல் 7 வரை எட்டு. எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 4 எச்சரிக்கை, 3 பிழை, 6 தகவல், இவற்றில் சிக்கல் இல்லை. 5 'கவனிக்க' என்று போட்டேன், 7 வழுத்தேடல். மேலே இருக்கும் மூன்றுதான் கழுத்தறுக்கிறது. 0 என்றால் கணினியே பயன்படாத நிலை. 1 என்றால் உடனே கை வைத்தாக வேண்டும். 2 கடுமையான கோளாறு. அகராதியைப் பார்த்தால் 1க்கும் 4க்கும் எச்சரிக்கை என்றே வருகிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

0 அவசரம், 1 உடனடி, 2 கடுமை.

பெருந்துறையிலிருந்து:

அவசரம் வடசொல். நெருக்கடி.

திருப்பூரிலிருந்து:

நெருக்கடி என்றால் டிஸ்க்கில் இடம் இல்லை என்று நினைப்பார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று. பழைய லாக் கோப்புகளை ஒதுக்கிப் புதிது தொடங்கும் லாக் ரொட்டேஷனுக்குச் சுழற்சி என்று போட்டிருக்கிறீர்கள். அது எங்கேயும் சுழலாதுங்க. இன்றைய கோப்புக்கு 1 என்று வால் ஒட்டும், பழைய 1 இரண்டாகும், 2 மூன்றாகும், கடைசியில் இருப்பது போய்விடும், புதிதாக ஒரு வெறும் கோப்பு பிறக்கும். போனது திரும்பி வராது. சுழற்சி என்றால் திரும்பி வரும் என்று நம்பி ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

கோவையிலிருந்து:

பழையன கழிதலும் புதியன புகுதலும்! புலவர் ஐயா, உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீனாபுரத்துப் பவணந்தியார், நன்னூல் எழுதியவர், இந்த ரொட்டேஷனைச் செய்யும் லாக்ரொட்டேட் நிரலுக்கு அப்போதே நூற்பா எழுதி வைத்துவிட்டார். லாக் என்ற சொல்லுக்கும் அதே நூற்பாவைச் சொல்லிப் பதிகையை முடித்துவிடலாமா?

பெருந்துறையிலிருந்து:

சனகாபுரந்தான் சீனாபுரம் என்பது எங்கள் பக்கத்து மரபு, மகிழ்ச்சி. ஆனால் நூற்பாவை முழுதும் சொல்லுங்கள் தம்பி. "வழுவல கால வகையினானே" என்றுதான் முடிகிறது. திங்கட்கிழமை கெடுவினானே என்று முடியவில்லை.

ரொட்டேஷனுக்குக் கழிமுறை.

பொள்ளாச்சியிலிருந்து:

கழிமுறை என்றால் கழிப்பறை நினைவு வருகிறது. வகுப்பில் பையன்கள் சிரித்தே கொன்றுவிடுவார்கள். வேண்டாமுங்க.

திருப்பூரிலிருந்து:

பெயர் எதுவானாலும், எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கட்டத்துக்கு மட்டும் புலமை காட்டாதீர்கள். பல லினக்ஸ் வகைகளில் இயல்பாக வாரம் ஒரு கோப்பு, நான்கு வாரம் வரைதான் வைக்கும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டம் புரியாமல் விட்டுவிட்டால், ஏதாவது நடந்து விசாரணை வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. 'வைத்திருக்கும் நாட்கள்' என்று போடுங்கள், போதும். காலி செய் என்ற பட்டனுக்குப் பக்கத்திலும் 'திரும்பக் கிடைக்காது' என்று ஒரு வரி வேண்டும்.

கோபியிலிருந்து:

அந்த இரண்டையும் அப்படியே சேர்த்துவிட்டேன். நன்றிங்க.

லாக்குக்குப் பதிகை என்று கோவையும் நானும். பொள்ளாச்சி அக்கா "என்னமோ போடுங்க" என்கிறார், அதை ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன். ஈரோட்டு அண்ணன் சிட்டையை விடவில்லை. திருப்பூர் லாக்தான் என்கிறார், ஆகவே பதிகைக்கு மேல் சுட்டியை வைத்தால் லாக் என்று காட்டும்படி செய்திருக்கிறேன். லாகினுக்கு நுழைவு. ரொட்டேஷனுக்கு வேறு வழியில்லாமல் 'பழைய கோப்பு நீக்கம்' என்று போட்டேன், சொல் அல்ல, விளக்கந்தான். 1ஆம் நிலைக்கு உடனடி.

பெருந்துறையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். சொற்பட்டியலில் பதிகைக்கு எதிரே நாள்வழி என்பதையும் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிவைக்க வேண்டும்.

0க்கு என்ன போட்டீர்கள் என்று சொல்லவில்லையே?

கோபியிலிருந்து:

0 இன்னும் காலியாகத்தான் இருக்கிறது ஐயா. அவசரமும் இல்லாமல் நெருக்கடியும் இல்லாமல் யாரிடமாவது ஒன்று இருந்தால் ராத்திரிக்குள் அனுப்புங்கள்.