2006-ஆம் ஆண்டு ஜிப்ஸி ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) வாங்கலாமா? மலைத்தோட்டப் பயன்பாட்டுக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மிளகுக்கொடி:

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அப்பால் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது; ஊடே மிளகும் மலைவாழையும் உண்டு. தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து தோட்டத்து வீடு வரை இரண்டரை கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சேறாகிவிடுவதால், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள் இரண்டாவது வளைவைத் தாண்டுவதில்லை. சென்ற ஆண்டு காப்பிப் பழம் பறித்து மூட்டை கட்டிய பிறகு வாடகை ஜீப் கிடைக்காமல் மூன்று நாள் காத்திருந்தோம். அத்தனையும் சாக்கிலேயே புளித்துப்போயிற்று. சொந்தமாக ஒரு வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தேன்.

வத்தலக்குண்டில் ஒருவரிடம் 2006-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங் விலைக்கு இருக்கிறது. பெட்ரோல், கான்வாஸ் கூரை, அவர் மூன்றாவது உரிமையாளர். மீட்டர் 1,12,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஆர்.சி. (பதிவுச் சான்று) 2021-இல் புதுப்பிக்கப்பட்டு 2026 ஆகஸ்டில் முடிகிறது. அண்மையில் பெயின்ட் அடித்திருப்பதால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கிறது. 2,60,000 ரூபாய் கேட்கிறார். என்னிடம் இருப்பது மொத்தம் மூன்று லட்சம். இதுவரை கார் மட்டுமே ஓட்டிய எனக்கு, இத்தகைய வண்டியில் எதைச் சோதிக்க வேண்டும் என்பது தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குன்னூர்ப்பட்டறை:

வணக்கம் ஐயா. இருபத்திரண்டு ஆண்டுகளாக மலைப்பகுதியில் இந்த வண்டிகளைப் பழுது பார்த்து வருகிறேன். உங்கள் பாதைக்கு ஜிப்ஸி பொருத்தமான வண்டிதான். கான்வாஸ் கூரை வண்டி ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவான எடையே கொண்டது. சேற்றில் கனமான வண்டி புதைகிற இடத்தில் இது மேலாக ஏறிப் போய்விடும். 2000-க்குப் பிறகு வந்த கிங் மாடலில் இருப்பது 16 வால்வு, 1.3 லிட்டர், 80 குதிரைத்திறன் எஞ்சின். எஸ்டீம் காரில் வந்த எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே எஞ்சினைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். காலையில் நீங்கள் போகும் முன்பே அவர் வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது நீலப்புகை வரக் கூடாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். எஞ்சினைப் பொறுத்தவரை இவ்வளவு போதும்.

உங்கள் பணம் போகிற இடம் வண்டியின் அடிப்பக்கம். முதலில் படுத்து, முன்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட் (முன் ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டு) இருக்கிறதா என்று பாருங்கள். சமவெளியில் ஓட்டியவர்கள் பெட்ரோல் மிச்சமாகும் என்று அதைக் கழற்றிப் போட்டுவிடுவது உண்டு. ஃபோர் வீல் லீவர் இருக்கும், முன்சக்கரம் இழுக்காது. ஷாஃப்ட் இருந்தால், ஹப்பை (முன்சக்கரத்தின் நடுப்பகுதியை) கையால் பூட்டுகிற வண்டி என்றால் இரண்டு பக்கமும் பூட்டி, டூ வீல் நிலையில் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வைத்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட் கூடவே சுற்ற வேண்டும். மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், முன்சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கிறது; அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கையை உதறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது, முன்சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையாக இருக்கும் நக்கிள். அங்கே கிரீஸ் கெட்டியாக இருக்க வேண்டும். ஆயில் கசியாமல் அடைக்கும் ஆக்ஸில் சீல் போயிருந்தால் கியர் ஆயில் வந்து கலந்து கூழாகிவிடும்; அந்தக் கசிவு டயரின் உள்பக்கத்தில் கறையாகத் தெரியும். பிறகு இரண்டு டிஃபரன்ஷியலிலும் (ஆக்ஸிலின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டி) டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) டிரெயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, ஒரு கரண்டி அளவு ஆயிலை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விரலால் தேய்க்கும்போது நறநறவென்று இரும்புத்தூள் தட்டுப்பட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

கடைசியாக, புதிய பெயின்டை நம்ப வேண்டாம். சேஸியின் (அடிச்சட்டத்தின்) பின்பகுதியிலும், பாடி உட்காரும் இடங்களிலும், கால்மிதியைத் தூக்கினால் தெரியும் தரைத் தகட்டிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். பட்டி பூசிய இடம் மொத்தென்று சொல்லும். அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் இன்னும் அதிகமாகத் தட்டுங்கள்.

சான்றும்_சேஸியும்:

பட்டறை ஐயா சொன்னவற்றோடு, ஆவணங்களைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். தனியார் வாகனத்தின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கும், பிறகு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளுக்கும் செல்லும். உங்கள் வண்டி அடுத்த புதுப்பிப்புக்கு வரும்போது இருபது ஆண்டைக் கடந்திருக்கும். அந்த வயதுடைய இலகுரக வாகனங்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுவிட்டது. பசுமை வரியும் எஃப்.சி.க்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளும் தனி. ஆகவே, பதிவைப் புதுப்பித்து எஃப்.சி. வாங்கிக் கொடுத்த பிறகே முழுப்பணம் என்று பேசுங்கள், அல்லது அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

சேஸியில் பொறித்த எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு உங்கள் கண்ணால் ஒப்பிடுங்கள். டீசல் எஞ்சின் மாற்றிய ஜிப்ஸிகள் சந்தையில் உண்டு. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறவில்லையென்றால் எஃப்.சி. கிடைக்காது. கடன் இருந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்காமல் வண்டியை எடுத்து வராதீர்கள். புதிய பெயின்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன நிறம் என்று சொல்லவில்லை. ராணுவ ஆலிவ் பச்சையாக இருந்தால் அதைத் தனியார் வண்டியில் பூசவே கூடாது. மோட்டார் வாகன விதிகளின்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே உரியது.

வால்பாறைவளைவு:

ஐயா, நான் சற்று மாறுபடுகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் தேயிலைக் காட்டுப் பாதைக்காக ஒரு ஜிப்ஸி வாங்கினேன். விற்றவர் ஃபோர் வீல் நன்றாக வேலை செய்கிறது என்று சத்தியம் செய்தார்; லீவரும் அழகாக விழுந்தது. முதல் மழையில்தான், மேலே சொன்னபடி முன் ஷாஃப்ட்டே இல்லாத வண்டியை வாங்கியிருக்கிறேன் என்பது தெரிந்தது. தேடி அலைந்து பொருத்தினேன். அதன் பிறகு வண்டி ஒருநாளும் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் அது சுமை வண்டி அன்று. ஐந்து மூட்டை ஏற்றினால் பின் ஸ்பிரிங் பட்டை தட்டையாகிவிடும். ஏற்றத்தில் பெட்ரோல் எஞ்சினை விரட்டித்தான் ஓட்ட வேண்டும், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம். அறுவடைக் காலத்தில் தினமும் மூட்டை இறக்க வேண்டுமென்றால், நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய பொலேரோ டீசல் ஒன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது என் கருத்து.

குன்னூர்ப்பட்டறை:

வால்பாறை நண்பர் சுமையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனாலும் நான்கு ஏக்கருக்கு ஒரே நடையில் எல்லாவற்றையும் இறக்க வேண்டிய தேவை இல்லை. கூடுதலாக ஒரு நடை போகலாம். கனமான வண்டி சேற்றில் அமிழ்ந்தால் அதை இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும்.

ஓட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. ஆகவே காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் திருப்பினால் சக்கரங்கள் வழுக்க இடமில்லாமல் பற்சக்கரங்களும் ஷாஃப்ட் இணைப்பில் உள்ள கிராஸ்களும் இறுகிக்கொள்ளும். மண் தொடங்கும் இடத்தில் போட்டு, தார் தொடங்கும் இடத்தில் எடுத்துவிட வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவாகவும் (கிங் மாடலுக்கு 205/70 ஆர்15) ஏறத்தாழ ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். இறக்கத்தில், வண்டியை முழுவதும் நிறுத்தி, லோவில் (டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான, இழுவை கூடிய நிலை) போட்டு முதல் கியரில் விடுங்கள். பிரேக்கை அதிகம் தொடாமலே நடை வேகத்தில் இறங்கும்.

மிளகுக்கொடி:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று என் மைத்துனரையும் உள்ளூர் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முன் ஷாஃப்ட் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தோம், கூடவே சுற்றுகிறது. நிறம் வெள்ளை. எண்கள் ஒத்துப்போகின்றன. சேஸி எல்லா இடத்திலும் கணீரென்றது. ஓட்டுநர் பக்கத் தரைத் தகடு மட்டும், தட்டியபோது சுத்தியல் முனை உள்ளேயே இறங்கிவிட்டது. பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டிலும் ஆயில் சுத்தம். முன் டிஃபரன்ஷியல் ஆயிலை உள்ளங்கையில் வாங்கியபோது, நீங்கள் சொன்ன அதே தேநீர் நிறம். இரும்புத்தூள் தட்டுப்படவில்லை. வலது நக்கிளில் கிரீஸ் கூழாக இருந்தது. இந்நிலையில் வாங்கலாமா ஐயா?

குன்னூர்ப்பட்டறை:

தூள் இல்லையென்றால் தண்ணீர் அண்மையில்தான் இறங்கியிருக்கிறது, பற்கள் தப்பித்திருக்கும். முன் டிஃபரன்ஷியலைக் கழற்றி, உள்ளே இருக்கும் கிரௌன், பினியன் பற்சக்கரங்கள் துருப்பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வாங்கலாம். இரண்டு பக்க நக்கிள் சீல், கிங்பின் பேரிங், எல்லா ஆயில், டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய், டைமிங் பெல்ட், தரைத் தகடு வெல்டிங் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட வேண்டும். அதற்கு நாற்பதாயிரமாவது கையில் இருக்கட்டும். புதுப்பிப்பை அவர் செய்து தரவில்லையென்றால் 2,20,000-க்கு மேல் போகாதீர்கள்.

மிளகுக்கொடி:

2,25,000-க்கு இறங்கி வந்திருக்கிறார், எஃப்.சி. அவர் பொறுப்பு. டிஃபரன்ஷியலைக் கழற்றிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டுப் படத்துடன் எழுதுகிறேன்.