வைரஸ் ஆய்வுப் பணியில் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்: உங்கள் அனுபவம்?

வலைக்காரன்:
நிபா வைரஸ் கண்காணிப்புக்காகப் பழந்தின்னி வௌவால் மாதிரி எடுக்கும் குழுவில் இருந்தேன். விடியும் முன்பே மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கூட்டம் திரும்பி வந்து தொங்கியதும் சொட்டும் சிறுநீரை உறிஞ்சிக் குழாயில் சேர்ப்போம். மலேசியாவின் தியோமான் தீவில் வௌவாலிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்ததே இப்படித்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் நால்வரும் முழுக் கவச உடையில். வேலிக்கு அப்பால் ஒரு பெரியவர், சாதாரணச் சட்டையில். "தம்பி, நீங்க இவ்வளவு மூடிக்கிட்டு வந்திருக்கீங்க, நாங்க தினமும் இதுக்குக் கீழதானே நடக்கிறோம்?" என்றார். முகக்கவசத்துக்குள் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. "ரிசல்ட் வரட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். அடுத்த வாரம் போனால் மரம் இல்லை. அடிமரம் மட்டும், ஈரம் காயாமல்.

இரவு ஷிப்ட்:
வைரஸின் மரபணுவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் ஓட்டத்தில், ஒரு நோயாளியின் மாதிரியில் வைரஸ் இருப்பதைக் காட்டும் கோடு 37 சுழற்சிக்கு மேல் லேசாக எழுந்தது. அதே தட்டில் வெறும் தண்ணீர் வைத்த நெகட்டிவ் கண்ட்ரோலும் எழுந்தது. தண்ணீரில் வைரஸ் ஏது? எங்கோ கலந்துவிட்டது, மொத்த ஓட்டமும் செல்லாது. அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து போன்: "ஒரு வார்த்தை சொல்லுங்க, அவங்க மனைவி கதவுக்கு வெளியே நிக்கிறாங்க." மாதிரியிலிருந்து புதிதாக ஆர்என்ஏ என்ற மரபுப் பொருளைப் பிரித்து மறுபடி ஓட்டி முடிக்க விடிந்துவிட்டது. நெகட்டிவ்தான். ஆனால் அந்த அம்மா ராத்திரி முழுக்க நின்றுகொண்டே இருந்தாராம்.

களப்பணி அக்கா:
வலைக்காரன் தம்பி, கோபப்படாதீர்கள், "ரிசல்ட் வரட்டும்" என்பது பதிலே இல்லை. என்னிடமும் இதே கேள்வி வந்தது, நானும் முதல் தடவை திணறினேன். அப்புறம் இப்படிச் சொல்லப் பழகிக்கொண்டேன்: வௌவால் எப்போதும் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருப்பதில்லை, நாங்கள் மூடிக்கொண்டு வருவது அதன் எச்சிலையும் சிறுநீரையும் கையாள்வதால். கடித்துப் போட்ட பழத்தைத் தொடாதீர்கள், கால்நடைக்கும் போடாதீர்கள். 1998-99இல் மலேசியாவில் பன்றிகள் வழியாகத்தான் மனிதருக்கு வந்தது. பங்களாதேஷில் பச்சை ஈச்சஞ்சாறு வழியாகப் பரவுகிறது, அங்கே சாறு இறங்கும் இடத்தை மூங்கில் தட்டியால் மூடிப் பார்த்தார்கள், வௌவால் சாற்றைத் தொடுவது வெகுவாகக் குறைந்தது. மரத்தை மட்டும் வெட்டாதீர்கள், கூட்டம் கலைந்து எங்கே போய்த் தங்கும் என்று யாருக்கும் தெரியாமல் போகும். இவ்வளவையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்லலாம், விரிப்பு போடுவதற்கு முன்னால்.

பட்டியலில் இருந்தவன்:
அக்கா, எல்லாம் சரி, ஆனால் பயந்து போனவன் காதில் அவ்வளவும் ஏறாது. நான் நோயாளியோடு பழகியவர்களின் தொடர்புப் பட்டியலில் இருந்தவன், 21 நாள் தனியறை. தினமும் காலையும் மாலையும் ஒரு அம்மா போன் செய்து வெப்பம் கேட்பார். ஒன்பதாம் நாள் 99.8. சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "அரை மணி கழிச்சு மறுபடி வைங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். இருந்தார். பின்னால் வேறு போன்கள் அடிப்பதும் யாரோ அவரைக் கூப்பிடுவதும் கேட்டது, அவர் எழுந்து போகவில்லை. அப்புறம் பார்த்தேன், 98.6.